எம்.எல்.ஏ. வீட்டுப் பரணில் கிடக்கும் காகிதங்கள்

தண்டையார்பேட்டையில் ஒரு பழைய வீடு. எழுபதுகளில் எம்.எல்.ஏ.வாக இருந்தவர் வாழ்ந்த வீடு என்று வைத்துக்கொள்வோம். அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பிள்ளைகள் இப்போது இடத்தை பில்டரிடம் கொடுக்கப் போகிறார்கள், அதனால் பரணைக் காலி செய்தாக வேண்டும். இறக்கிப் பார்த்தால் இரண்டு டிரங்குப் பெட்டிகள், நாடா கட்டிய கோப்புகள், மஞ்சள் பை நிறைய இன்லேண்டு கடிதங்கள், கட்சிச் சின்னம் போட்ட டைரிகள், கல்யாணப் பத்திரிகைக் கட்டு, பழைய வாக்காளர் பட்டியல், ஓரம் முழுக்கக் கரையான் அரித்த ஒரு கணக்கு நோட்டு. "இதையெல்லாம் எடைக்குப் போட்டுடலாமே" என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார். பெரும்பாலும் அதுதான் நடக்கும். போகி நெருங்கிவிட்டால் எடைக்குக்கூடப் போகாது, தெருமுனையில் மேளச் சத்தத்தோடு எரிந்துவிடும்.

ஆவணக் காப்பகங்களில் இந்தக் குவியலைத் தனிநபர் ஆவணத் தொகுப்பு என்பார்கள். வீட்டாரின் காகிதங்களும் சேர்ந்திருந்தால் குடும்ப ஆவணத் தொகுப்பு. ஒருவர் வாழ்நாளில் எழுதியது, அவருக்கு வந்தது, அவர் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது என எல்லாம் இதில் அடங்கும். அச்சான புத்தகம் என்றால் இன்னொரு பிரதி எங்காவது கிடைக்கும். இதற்கு ஒரே பிரதிதான். அதோடு, இவை யாரோ படிப்பார்கள் என்று எழுதப்பட்டவையும் இல்லை. அன்றைக்கு ஒரு வேலை நடக்க வேண்டியிருந்தது, அதற்காக எழுதினார்கள். பேட்டி கொடுக்கும்போது மனிதர் யோசித்துத்தான் பேசுவார். மைக் செட்காரருக்குப் பாக்கி எவ்வளவு என்று டைரியில் குறிக்கும்போது அவர் யாருக்காகவும் ஜோடிக்க மாட்டார்.

அரசிடம் இருப்பதும் வீட்டில் இருப்பதும்

"அவர் செய்ததெல்லாம் அரசாங்கத்திலேயே பதிவாகியிருக்குமே, வீட்டுக் காகிதம் எதற்கு?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். அவர் சட்டமன்றத்தில் பேசியது நடவடிக்கைக் குறிப்புகளில் அச்சாகியிருக்கும். அரசாணைகளும் துறைக் கோப்புகளும் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகும். 1909ல் எழுந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் காகிதங்களிலிருந்து இருக்கின்றன. ஆனால் அங்கே இருப்பது அரசு தனக்குத்தானே எழுதிக்கொண்டது.

ஒரு உதாரணம். குடிசைகளுக்குப் பதிலாக மாடி வீடு கட்டித் தர 1970ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. வடசென்னையில் எந்த இடத்தில் எத்தனை வீடு கட்டினார்கள், என்ன செலவு என்பதை அரசுக் காகிதங்களில் தேடலாம். அந்த வீடு ஒன்றுக்காக யார் யாரிடம் போய் நின்றார்கள், யார் சிபாரிசு செய்தார்கள், கிடைக்காதவர் மறுபடி என்ன எழுதினார் என்பதெல்லாம் அங்கே அநேகமாக இருக்காது. இருந்தால் தண்டையார்பேட்டைப் பரணில்தான் இருக்கும்.

இன்னொன்று. 1949 செப்டம்பர் 17 அன்று ஜார்ஜ் டவுன் பவளக்காரத் தெருவில் திமுக உருவானது. மறுநாள் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் முதல் பொதுக்கூட்டம். வடசென்னையில் இது தெரியாத கட்சிக்காரர் இருக்க மாட்டார். மேடையில் யார் பேசினார்கள் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வார்கள். அந்த மேடைக்கு மூங்கில் யார் கொடுத்தது? பந்தல்காரருக்குப் பணம் எப்போது போய்ச் சேர்ந்தது? இதைச் சொல்லக்கூடியது ஏதோ ஒரு வீட்டுக் கணக்கு நோட்டு மட்டும்தான். ஒரு கட்சி எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள, பேச்சைவிட இந்த மாதிரிக் கணக்குதான் உதவும் என்பது என் எண்ணம்.

அமைச்சராக இருந்தவர் வீடு என்றால் ஒரு எச்சரிக்கை. எண் போட்ட அரசுக் கோப்பு அரசுக்குச் சொந்தம், அது யார் வீட்டுப் பரணில் இருந்தாலும் சரி. பதவியேற்கும்போதே அமைச்சர்கள் ரகசியக் காப்பு உறுதிமொழி எடுக்கிறார்கள். அப்படி ஏதாவது கிடைத்தால் தனியே எடுத்துவைத்து, காப்பகத்தாரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மனுக்கள்

எந்த எம்.எல்.ஏ. வீட்டிலும் அதிகம் இருப்பது மனு. வீட்டார் முதலில் கழிப்பதும் மனுதான். "யாரோ எழுதின லெட்டர், நமக்கு எதுக்கு?" என்பார்கள். எனக்கு ஒரு தொகுப்பில் ஒன்றை மட்டும் காப்பாற்றலாம் என்றால் மனுக்கட்டைத்தான் எடுப்பேன்.

வடசென்னையில் என்னென்ன மனு வரும் என்று யோசித்துப் பாருங்கள். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை, லாரி அனுப்ப வேண்டும். குடிசை எரிந்துவிட்டது, நிவாரணப் பட்டியலில் பெயர் விட்டுப்போனது. பட்டா வேண்டும். ரேஷன் கார்டில் மாமியார் பெயரைச் சேர்க்க வேண்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காட்ட ஒரு கடிதம். காசிமேட்டில் புயலில் உடைந்த படகுக்கு உதவி. பெரம்பூர்ப் பக்கம் என்றால் பின்னி மில் மூடப்பட்ட 1996க்குப் பிறகு பாக்கி கேட்கும் தொழிலாளர்கள். பிள்ளைக்குப் பள்ளியில் இடம், அப்புறம் அதே பிள்ளைக்கு வேலை.

ஒவ்வொன்றாகப் பார்த்தால் சாதாரணம். ஒரு வருடத்து மனுக்களைத் தேதி வாரியாக அடுக்கினால், எந்த மாதம் எந்தத் தெருவில் தண்ணீர் நின்றது, எப்போது நோய் பரவியது, எந்தப் பகுதியில் வீட்டை இடித்தார்கள் என்று ஒரு ஊரின் நாட்குறிப்பே எழுந்துவிடும். மனுவின் ஓரத்தில் எம்.எல்.ஏ. கிறுக்கிய குறிப்பும் முக்கியம். "ஏ.இ.யிடம் (உதவிப் பொறியாளரிடம்) பேசியாச்சு", "வட்டச் செயலாளரை வரச்சொல்" என்று ஒரு வரி இருந்தால் போதும், அதிகாரம் எந்த வழியாக நகர்ந்தது என்று தெரிந்துவிடும். கூடவே லெட்டர்பேடில் எழுதிய சிபாரிசுக் கடிதத்தின் கார்பன் நகல் குத்தியிருந்தால் கேள்வியும் பதிலும் சேர்ந்தே கிடைக்கின்றன.

கையெழுத்தையும் கவனியுங்கள். பத்து வெவ்வேறு பேர் கொடுத்த மனுவில் ஒரே கையெழுத்து இருக்கும், கீழே மட்டும் கைநாட்டு மாறும். தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தவர் அவர். "ஐயா அவர்கள் சமூகத்திற்கு" என்று தொடங்கி "தங்கள் உண்மையுள்ள" என்று முடிப்பதற்குள், கேட்க வேண்டியதை எப்படி அடுக்குவது என்று அவருக்கு அத்துப்படி. எந்த வரலாற்றிலும் பெயர் வராத அந்த மனிதர் இந்தக் கட்டில் மட்டும் இருக்கிறார்.

வீட்டுக் காகிதங்கள் ஏன்?

அரசியல்வாதியின் கடிதம் சரி, அவர் மனைவியின் கணக்கு நோட்டு எதற்கு என்று தோன்றலாம். தேர்தல் செலவு எங்கிருந்து வந்தது என்று கட்சி சொல்லாது. அடகுக் கடை ரசீதுகள் சொல்லும். வேட்புமனுத் தாக்கலுக்கு முந்தின வாரம் வளையலும் செயினும் சௌகார்பேட்டைக் கடைக்குப் போய், ஜெயித்த மறுவருடம் மீண்டு வந்திருந்தால், அல்லது தோற்று, மீளாமலே முழுகிப்போயிருந்தால், அந்த வீட்டின் அரசியல் யார் கழுத்திலிருந்து நடந்தது என்று விளங்கிவிடும்.

கல்யாணப் பத்திரிகைகள் இன்னும் சுவாரஸ்யம். கட்சிக் குடும்பத்துக் கல்யாணத்தில் தலைமை யார், முன்னிலை யார், வாழ்த்துரை யார் யார் என்று அச்சடித்திருப்பார்கள். பெயர்கள் எந்த வரிசையில் வருகின்றன என்பதற்குள் அந்த வருடத்துக் கோஷ்டி நிலவரம் முழுக்க இருக்கிறது. 1972ல் அதிமுக பிறந்தபோது யார் எந்தப் பக்கம் போனார்கள் என்பதைச் சில வீடுகளில் முந்தின வருடப் பத்திரிகையையும் அடுத்த வருடப் பத்திரிகையையும் பக்கத்தில் வைத்தாலே ஊகித்துவிடலாம். சுயமரியாதைத் திருமணத்துக்கு அண்ணா ஆட்சியில் சட்ட அங்கீகாரம் கிடைப்பதற்கு முன்பு நடந்த கல்யாணம் என்றால் அந்த அழைப்பிதழுக்கு இன்னும் எடை கூடும். மொய் நோட்டும் அப்படித்தான். யார் எவ்வளவு எழுதினார் என்பது உறவுக்கணக்கு மட்டும் இல்லை, தொகுதிக்கணக்கும்கூட.

தலைவரோடு நின்று எடுத்த போட்டோவைத்தான் எல்லா வீட்டிலும் பத்திரமாகச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். உண்மையைச் சொன்னால், ஆராய்ச்சிக்கு அதிகம் பயன்படாதது அந்தப் போட்டோதான். எல்லோர் வீட்டிலும் அது இருக்கிறது.

குடும்பத்தார் பெட்டியைக் காப்பாற்றியதால் வரலாறே கிடைத்ததற்குப் பெரம்பூர்க்காரர் ஒருவரே சாட்சி. பெரம்பூரில் 1709ல் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை பின்னர் புதுச்சேரிக்குப் போய், பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் தலைமைத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும், உயர்ந்தார். 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை, தர்பாரில் யார் யாரிடம் முகம் கொடுக்கவில்லை, டூப்ளேயின் மனைவியோடு வந்த மனஸ்தாபம் எல்லாம் பேச்சுத் தமிழில் அதில் இருக்கின்றன. அவர் இறந்து எண்பது வருடங்களுக்கு மேல் அது குடும்பத்தாரிடமே கிடந்தது. 1846ல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சு அதிகாரியின் கண்ணில் பட்ட பிறகுதான் வெளியே தெரிந்தது. பிறகு 1904லிருந்து 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்தது. பிற்பகுதித் தொகுதிகளைப் பதிப்பித்த டாட்வெல், எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருந்தவர். பிள்ளை வீட்டில் யாராவது ஒருவர் பழைய நோட்டு எதற்கு என்று நினைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பிரிக்காதீர்கள்

நல்ல எண்ணத்தோடு செய்யும் கெடுதல் ஒன்று உண்டு. பெட்டியைத் திறந்ததும் கடிதமெல்லாம் ஒரு பக்கம், போட்டோ ஒரு பக்கம், ரசீது ஒரு பக்கம் என்று தரம் பிரிப்பது. காப்பகத்தார் இதைப் பார்த்தால் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். அவர்கள் தொழிலில் இரண்டு அடிப்படை விதிகள்: ஒருவரின் தொகுப்பை இன்னொருவரின் தொகுப்போடு கலக்கக் கூடாது, அவர் வைத்திருந்த வரிசையை முடிந்தவரை குலைக்கக் கூடாது.

ஏன் என்று ஒரு கவரை வைத்துப் பார்க்கலாம். அதற்குள் அச்சகத்தின் நோட்டீஸ் பில், ஆஸ்பத்திரி ரசீது, ஊரிலிருந்து அண்ணன் எழுதிய இரண்டு வரிக் கடிதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் மூன்று கட்டில் போட்டால் மூன்றும் செத்த காகிதம். ஒரே கவரில் இருக்கும்போது, பிரச்சாரம் உச்சத்தில் இருந்த வாரத்தில் வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்றும், செலவுக்கு அண்ணன்தான் பணம் அனுப்பினார் என்றும் புரிகிறது. சேர்த்துவைத்தவர் ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் சேர்த்து வைத்திருக்கிறார். காரணம் நமக்குப் புரியாவிட்டாலும் கவரை அப்படியே விட்டுவிடலாம்.

இன்னொரு வகைக் கழிப்பும் நடக்கும். கடன் கடிதம், பங்காளிச் சண்டை, கட்சிக்குள் யாரையோ திட்டி எழுதிப் போஸ்ட் பண்ணாமல் விட்ட கடிதம், வெளியே தெரியக் கூடாத உறவு. குடும்ப மானம் என்று இவற்றைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். கிழிக்கத் தேவையே இல்லை. அதற்கு வேறு வழி இருக்கிறது.

எங்கே கொடுப்பது, எப்படிக் கொடுப்பது

காப்பகத்துக்குக் கொடுக்கும்போது கொடைப் பத்திரம் ஒன்று எழுதலாம். யார் கொடுக்கிறார்கள், என்ன கொடுக்கிறார்கள், எந்தக் கட்டை எத்தனை வருடம் யாருக்கும் காட்டக் கூடாது என்று அதில் நிபந்தனை போடலாம். சங்கடமான கடிதங்களை ஒரு உறையிலிட்டு முப்பது வருடம் மூடிவைக்கச் சொன்னால் காப்பகம் ஒத்துக்கொள்ளும். அதற்குள் சம்பந்தப்பட்டவர்களின் கோபதாபமெல்லாம் ஆறிவிடும். மனுக்களுக்கும் இந்த மூடல் அவசியம். அதில் ஊர்பேர் தெரியாத ஏழைகளின் நோய், சாதிச் சான்றிதழ், குடும்ப வழக்கு எல்லாம் இருக்கும். நம் வீட்டு மானத்தைக் காப்பது போல அவர்கள் மானத்தையும் காக்க வேண்டும்.

பதிப்புரிமை விஷயத்தில் பலருக்கும் தெரியாத ஒன்று. உங்கள் அப்பாவுக்கு வந்த கடிதத்தின் தாள் உங்களுடையது. அதிலுள்ள வரிகளை அச்சிடும் உரிமை அதை எழுதியவருக்கோ அவர் வாரிசுகளுக்கோதான். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தலைவர் எழுதிய கடிதம் கையில் இருக்கிறதே என்று உடனே புத்தகம் போட்டுவிட முடியாது.

இடம் என்று பார்த்தால், எழும்பூர் ஆவணக் காப்பகத்தைக் கேட்கலாம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனி ஒருவராகச் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் வைத்து 1994ல் தொடங்கியது அது. டெல்லி தீன்மூர்த்தி வளாகத்தில், முன்பு நேரு நினைவு நூலகம் என்றும் இப்போது பிரதமர்கள் அருங்காட்சியகம், நூலகம் என்றும் அழைக்கப்படும் நிறுவனத்தில் ராஜாஜி, டி.டி. கிருஷ்ணமாச்சாரி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆகியோரின் தொகுப்புகள் இருக்கின்றன. சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரான முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி எழுதும் ஆய்வாளர்கள் இன்றும் அந்தக் காகிதங்களைத் தேடித்தான் டெல்லி போகிறார்கள். 1937ல் ராஜாஜி அமைச்சரவை வந்தபோது சென்னை ஆளுநராக இருந்த எர்ஸ்கின் பிரபுவின் காகிதங்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆளுநர் நம்மைப் பற்றி என்ன நினைத்தார் என்று படித்துவிடலாம். கொருக்குப்பேட்டைக்காரர் ஆட்சியைப் பற்றி என்ன நினைத்தார் என்று படிக்கத்தான் காகிதம் இல்லை.

கட்சி அலுவலகத்துக்குக் கொடுக்கலாமா? எனக்குத் தயக்கம் உண்டு. கட்சி பிளக்கும், நிர்வாகி மாறுவார், அறை மாறும், பெட்டி எங்கே போனது என்று கேட்க ஆள் இருக்காது. கொடுப்பதாக இருந்தால் நகல் கொடுங்கள்.

உப்புக் காற்றும் வெள்ளமும்

கொடுக்கும் வரைக்கும் வீட்டில் வைத்திருக்க வேண்டுமே. கடலோர ஊரில் காகிதத்துக்கு எதிரி ஈரம்தான். ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் குண்டூசியும் ஸ்டேப்பிளும் சீக்கிரமே துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். அவற்றை மெதுவாக எடுத்துவிட்டு, சேர்ந்திருந்த தாள்களை ஒரு வெள்ளைத் தாளுக்குள் மடித்து வையுங்கள். கிழிசலுக்கு செலோ டேப் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் பழுப்பாகிப் பிசின் எழுத்தோடு சேர்ந்து வரும். லேமினேஷன் கூடவே கூடாது, பிறகு பிரிக்க முடியாது. தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டாமல், காற்றோட்டமான இடம் போதும். பழைய ஃபேக்ஸ் தாள் இருந்தால் முதலில் அதை ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள், அந்த எழுத்து தானாகவே மங்கிப்போகும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் புளியந்தோப்பு, வியாசர்பாடிப் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் நின்றதே, அப்படி நனைந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். வெயிலில் காயப்போட்டால் தாள் சுருண்டு மை வெளுக்கும். நிழலில், ஃபேன் காற்றில், இடையிடையே மை உறிஞ்சும் தாளோ அச்சில்லாத வெள்ளைத் தாளோ வைத்து உலர்த்த வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் உலர்த்த முடியாவிட்டால், மிச்சத்தை பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் பெரிய காப்பகங்களும் இதைத்தான் செய்கின்றன.

இன்றைய கவுன்சிலர், எம்.எல்.ஏ. வீடுகளில் பரணும் இருக்காது, மஞ்சள் பையும் இருக்காது. மனு வாட்ஸ்அப்பில் போட்டோவாக வருகிறது, பதில் குரல் பதிவாகப் போகிறது. போன் பூட்டின் எண் அவருக்கு மட்டும் தெரியும் என்றால் இருபது வருட மனுக்கட்டு ஒரே நாளில் போய்விடும். உதவியாளராவது மாதம் ஒருமுறை அதையெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி, எந்த மாதம் என்று பெயர் போட்டு வைக்கலாம்.

பழைய பெட்டியைப் பொறுத்தவரை, காப்பகத்துக்கு போன் பண்ணும்போது யாருடைய காகிதங்கள், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, எத்தனை பெட்டி, கரையான் இருக்கிறதா, நனைந்ததா என்று மட்டும் சொன்னால் போதும். கூட்டிப் பெருக்கி அடுக்கி வைத்துவிட்டுத்தான் கூப்பிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். தூசியோடு அப்படியே இருக்கட்டும், அவர்கள் வந்து பார்க்கட்டும்.